கடைமடைக்குக் கிழக்கே ஒரு மலை

பெங்களூர்,
7.7.2002

அன்புள்ள அப்பாவுக்கு,

பிரகதி எழுதுகிறேன். போன் செய்தால் அம்மாதான் எடுக்கிறாள். "அப்பா வயலுக்குப் போயிருக்காரும்மா" என்கிறாள். ஆற்றில் தண்ணீர் இல்லாத வருஷத்தில் மூன்று வேளையும் வயலில் உங்களுக்கு என்ன வேலை? போதாததற்கு, அவள் பேசும்போதே பின்னால் நீங்கள் செருமுவதும் எனக்குக் கேட்கிறது. அதனால்தான் கடிதம். எழுத்து இருக்கிற காகிதத்தை நீங்கள் மிதிக்கக்கூட மாட்டீர்கள், கிழிக்கவா போகிறீர்கள்?

மே மாதம் ஊருக்கு வந்தபோது நான் சொன்னதில் மாற்றம் எதுவும் இல்லை. மாதேஷைத்தான் கல்யாணம் செய்துகொள்வேன். என்னோடு வேலை பார்க்கிறவர். ஊர் மைசூருக்குப் பக்கத்தில் நரசிபுரம். அவருடைய அப்பாவும் உங்களைப் போல நெல் போடுகிறவர்தான். இதைச் சொன்னதும் பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனீர்கள். "கடைமடை விவசாயிகள் சங்கத்துக்கு நான் செயலாளர். நான் போய் கர்நாடகாக்காரனுக்கு சம்பந்தியா?" என்று அம்மாவிடம் கேட்டீர்களாம். என்னிடம் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்றும் நீங்கள் கேட்டதில்லை. ஊரில் யாராவது விசாரித்தால் "கம்ப்யூட்டர்" என்று முடித்துவிடுகிறீர்கள். நான் நிலம் வரைகிறேன், அப்பா. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்காக இங்கே வீடியோ கேம் செய்கிறோம். கதை நடக்கிற காலம் இன்றிலிருந்து இருபத்தைந்து கோடி வருஷத்துக்குப் பிறகு. கண்டங்கள் எல்லாம் இப்போதும் நகர்ந்துகொண்டுதான் இருக்கின்றன, விரல் நகம் வளர்கிற வேகத்தில். அப்படியே போனால் ஒரு காலத்தில் எல்லாம் ஒன்றோடொன்று முட்டி ஒரே நிலமாகிவிடும் என்கிறார்கள். அந்த நிலத்தில்தான் ஆட்டம். ஆடுகிறவர் ஊர் அமைக்கலாம், பயிர் வைக்கலாம், அணை கட்டலாம். மலை எங்கே எழும்பும், ஆறு எப்படி ஓடும் என்று வரைவது என் வேலை.

ஒரு தடவை மாதேஷைப் பாருங்கள். பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால் கேட்டுக்கொள்கிறேனோ இல்லையோ, வருத்தப்பட மாட்டேன். பார்க்காமலே சொல்வதுதான் தாங்கவில்லை.

உங்கள்
பிரகதி

*

பேராவூரணி,
29.7.2002

பிரகதீஸ்வரிக்கு அப்பா எழுதுவது.

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. அதை வைத்து என் மனம் இளகிவிட்டது என்று கணக்குப் போடாதே.

ஜூன் பன்னிரண்டில் திறக்க வேண்டிய மேட்டூர் அணையை இன்னும் திறக்கவில்லை. நமக்குத் தண்ணீர் வருகிற புது ஆற்றுக்குள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடுகிறார்கள். தஞ்சாவூர்க்காரர்களுக்கே குறுவை போய்விட்டது. கல்லணையில் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து, எல்லோருக்கும் பாய்ந்த பிறகு மிச்சம் இருந்தால் வருவதுதான் நம் தண்ணீர். இந்த வருஷம் சம்பாவுக்காவது மிச்சம் வருமா என்று தெரியவில்லை.

அந்தப் பையன் மேல் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. தங்கமானவனாகவே இருக்கட்டும். சாலையில் உட்கார்ந்து "தண்ணீர் விடு" என்று கத்துகிறவர்களில் முதல் குரல் என்னுடையது. நான் கத்தினால்தான் பின்னால் இருக்கிறவர்கள் கத்துவார்கள். அப்படிக் கத்திவிட்டு அவர்கள் வீட்டுப் பந்தலில் சந்தனம் பூசிக்கொண்டு நிற்க என்னால் முடியாது. சங்கத் தலைவர் வைத்தியலிங்கம் டீக்கடையில் என்ன பேசுவான் என்று உனக்கே தெரியும். அவன் பேசாவிட்டாலும் எனக்கே என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காது.

இன்னொன்று. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த இருபத்தைந்து கோடி வருஷத்தில் நம் ஊர் எங்கே இருக்கும்? உன் அம்மா கேட்கச் சொன்னாள்.

வீரையன்

*

பெங்களூர்,
12.8.2002

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா கேட்கச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். போனில் விசாரித்தேன். "இருபத்தஞ்சு நாள் கழிச்சு அரிசிக்கு என்ன பண்றதுன்னே தெரியல, இதுல கோடி வருஷத்த நான் எதுக்குடி கேக்கப் போறேன்?" என்றாள். பரவாயில்லை, அம்மாவுக்கே சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாடு இருக்கிற நிலத் துண்டு ஒரு காலத்தில் தெற்கே எங்கோ கிடந்தது. வடக்கே நகர்ந்து போய் முட்டியதில்தான் இமயமலை எழுந்தது. இன்னும் முட்டிக்கொண்டுதான் இருக்கிறது. இனிமேல் என்ன நடக்கும் என்பதற்கு ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். நாங்கள் அதில் ஒன்றை எடுத்து ஆட்டத்துக்குத் தகுந்தபடி வளைத்திருக்கிறோம். எங்கள் கணக்கில், தெற்கே பனிக்குள் கிடக்கிற நிலம் மெதுவாகக் கிளம்பி நம் பக்கம் வருகிறது. நடுவில் இருக்கிற கடல் சுருங்கிச் சுருங்கி மூடிக்கொள்கிறது. வேதாரண்யத்துக்கு அந்தப் பக்கம் கடல் இருக்காது. கடல் இருந்த இடத்தில் மலை எழும்பி நிற்கும்.

நம் ஊர் அந்த மலையின் அடிவாரத்தில் வரும். மழை அந்த மலையில் பெய்யும். மேற்கு மலையெல்லாம் அதற்குள் தேய்ந்துபோய், மலை கிழக்கே இருந்தால் ஆறு மேற்கேதானே ஓடும்? அதனால் எங்கள் படத்தில் ஆறு பேராவூரணி பக்கம் கிளம்பி, தஞ்சாவூர் தாண்டி, மைசூர் பக்கம் போகிறது. சத்தியமாக நான் வேண்டுமென்று செய்யவில்லை. மாதேஷும் பார்த்தார். சிரித்தார்.

அப்போது நீங்களும் நானும் இருக்க மாட்டோம். மனிதர்களே இருப்பார்களா என்பது சந்தேகம். தமிழும் கன்னடமும் இருக்காது. இதையெல்லாம் நாள் முழுக்க வரைந்துவிட்டு அறைக்கு வந்து, அப்பா ஏன் போனை எடுக்கவில்லை என்று அழுகிறேன். என் பிழைப்பு இப்படி இருக்கிறது.

உங்கள்
பிரகதி

*

பேராவூரணி,
10.9.2002

பிரகதீஸ்வரிக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதத்தில் அழுகையை விட்டுவிட்டு மற்றதை டீக்கடையில் சொன்னேன். வைத்தியலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. "அப்ப நாமதான் மேல்மடை! அவனுவ நம்ம வாசல்ல வந்து நிப்பானுவ. இருபத்தஞ்சு கோடி வருசந்தானே, இருந்து பாத்துருவோம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இந்த வருஷத்தில் நாங்கள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அதற்காக உன்னை மெச்சிக்கொள்கிறேன்.

மேட்டூரைத் திறந்துவிட்டதாகப் பேப்பரில் போட்டிருக்கிறான். இங்கே மணல்கூட நனையவில்லை. தெளித்த விதை மண்ணுக்குள்ளேயே வெந்துவிட்டது. கிளறிப் பார்த்தேன்.

ஒரத்தநாட்டில் ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் மாட்டு டாக்டர், அரசாங்க வேலை. தங்கமணி அத்தை வழியில் தெரிந்த குடும்பம்தான். தீபாவளிக்கு நீ வரும்போது பார்க்க வருகிறோம் என்கிறார்கள். நான் சரி என்று சொல்லிவிட்டேன். என் மானத்தைக் காப்பாற்று என்று கேட்கிற இடத்துக்கு என்னைத் தள்ளாதே.

வீரையன்

*

பெங்களூர்,
14.10.2002

அன்புள்ள அப்பாவுக்கு,

தீபாவளிக்கு வரவில்லை. காவிரித் தகராறில் பஸ்ஸெல்லாம் ஓசூரோடு நின்றுவிடுகின்றன. அதைக் காரணமாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், ஆனால் அது காரணம் இல்லை. மாட்டு டாக்டரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாவம், அவருக்கு நல்ல பெண் கிடைக்கட்டும்.

இங்கே கொஞ்ச நாளாக ஆட்டோவில், கடையில் தமிழில் வாயைத் திறக்க யோசனையாக இருக்கிறது. வீட்டுக்கார அம்மா மட்டும் எப்போதும் போல ரசம் கொண்டுவந்து கொடுக்கிறார். மாதேஷ் தினமும் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறார்.

ஆபீஸில் எனக்கு ஒரு பெரிய அவமானம் நடந்தது. என் படம் முடிந்து, கம்ப்யூட்டரில் தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்தோம். ஒரு ஆறுகூடக் கடலுக்குப் போய்ச் சேரவில்லை. மலையில் பெரிதாகக் கிளம்புகிறது. இரண்டாகிறது, நான்காகிறது, எட்டாகிறது. கடைசியில் வாய்க்காலாகி மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. ஒரு உலகம் முழுக்க இப்படி. எங்கள் மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். யாருக்கும் என்ன தப்பென்று பிடிபடவில்லை. மாதேஷ்தான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தன் அரைகுறைத் தமிழில் சொன்னார்: "பிரகதி, உங்க ஆறு எல்லாம் பிரியுது மட்டும். ஒண்ணுகூட சேரல்ல."

பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன் அப்பா, சிற்றாறுகள் சேர்ந்துதான் பேராறு ஆகும் என்று. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் கை கேட்கவில்லை. கல்லணையில் பிரிகிறதையும், புது ஆற்றில் பிரிகிறதையும், நம் மதகில் பிரிகிறதையும் பார்த்துப் பழகின கை. ஆறு என்றால் பிரியும் என்றுதான் அதற்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதேஷ் என்னை அவர் ஊருக்குக் கூட்டிப் போனார். அங்கே கபினி என்று ஒரு ஆறு வந்து காவிரியில் சேர்கிறது. கரையில் நின்று பார்த்தேன். இரண்டு நிறத்தில் கொஞ்ச தூரம் பக்கத்தில் பக்கத்தில் போய், அப்புறம் எது எது என்று தெரியவில்லை. எனக்கு நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று இருந்தது. வேறொன்றும் தோன்றவில்லை.

தப்பான படத்தின் நகல் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். கல்யாணம் தை மாதம் நரசிபுரத்தில். நீங்கள் வராவிட்டாலும் நடக்கும். வராவிட்டால் அந்த நாளை என் வாழ்க்கையில் ஒரு தடவைகூட சந்தோஷமாக நினைக்க முடியாது. இரண்டும் உண்மை. எழுதிவிட்டேன்.

பிரகதி

*

பேராவூரணி,
20.11.2002

பிரகதீஸ்வரிக்கு அப்பா எழுதுவது.

படத்தைப் பார்த்தேன். எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. வைத்தியலிங்கத்திடம் காட்டினேன், அவனுக்கும் தெரியவில்லை. "ஆறு பிரியாம பின்ன என்ன பண்ணும்?" என்றான். உன்னை அவமானப்படுத்தின மேலாளரை இங்கே ஒரு நடை அனுப்பு.

இப்போது எழுதப் போவது உன் அம்மாவுக்குத் தெரியாது. போன வாரம் சங்கத்திலிருந்து மேட்டூருக்கு மனுக் கொடுக்கப் போனோம். கொடுத்து முடிந்ததும் மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். சேலத்தில் ஒரு ஆளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நான் வடக்கே பஸ் ஏறினேன். எல்லையில் இறக்கிவிட்டான். நடந்து அந்தப் பக்கம் போய், மாதேஸ்வரன் மலைக்குப் போகிற பஸ்ஸில் தொற்றிக்கொண்டு, அங்கிருந்து கொள்ளேகால், அங்கிருந்து நரசிபுரம். வேட்டியில் சங்கத்துக் கரை தெரியக் கூடாது என்று துண்டை அதன் மேல் கட்டிக்கொண்டேன். திருடப் போகிறவன்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

ஆறு சேர்கிற இடத்தைப் பார்த்தேன். அறுபது வயதுக்கு மேல் முதல் தடவையாகப் பார்க்கிறேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

பிறகு அந்தப் பையனின் அப்பா பெயரைச் சொல்லி விசாரித்தேன். வயலைக் கையால் காட்டினார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பயிர் பச்சையாக, கதிர் வாங்கப் போகிற பயிர். என் வயதுள்ள ஒரு மனுஷர் வரப்பில் மண்வெட்டியோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். வழி தவறி வந்தவன் என்று நினைத்திருப்பார். கூப்பிட்ட குரலில் மரியாதை இருந்தது. அந்தப் பச்சையைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. திரும்பி நடந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். உன் தாத்தா செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.

நீ பார்க்கச் சொன்னாய். பார்த்துவிட்டேன். வேண்டாம். என்னால் ஆகாது.

வீரையன்

*

பெங்களூர்,
15.12.2002

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மாதேஷுக்கு மொழிபெயர்த்துச் சொல்லப் போனேன். பஸ் ஸ்டாண்ட் வரியில் நின்றுவிட்டேன். அவர் மீதியைக் கேட்கவில்லை. நீங்கள் போன அன்றைக்கு அவருடைய அப்பா போனில் சொல்லியிருந்தாராம், வெளியூர்க்காரர் ஒருவர் வயலருகே வந்து நின்றார், முகம் சரியில்லை, சாப்பிடச் சொல்வதற்குள் போய்விட்டார் என்று. அது யாரென்று அவர்களுக்கு இப்போது தெரியும்.

நான் உங்களைச் சமாதானப்படுத்த இதை எழுதவில்லை. உங்கள் வயிறு எரிந்தது நியாயம். வேறு ஒன்று சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை.

படத்தைத் திருத்தி முடித்துவிட்டோம். வெளியே அனுப்புவதற்கு முன் நாங்களே எதிரெதிராக உட்கார்ந்து ஆடிப் பார்ப்பது வழக்கம். நானும் மாதேஷும் ஆடினோம். நான் மலையடிவாரத்தில் நம் ஊர் வருகிற இடத்தை எடுத்துக்கொண்டேன். அவர் தன் ஊர் வருகிற இடத்தை எடுத்துக்கொண்டார். மழை என் பக்கம். ஆறு என் வாசலில் கிளம்பி அவரிடம் போகிறது. வைத்தியலிங்கம் மாமா இருந்திருந்தால் விசில் அடித்திருப்பார்.

முதலில் தாராளமாக விட்டேன். நாம் பட்ட பாடு யாரும் படக் கூடாது என்று நிஜமாகவே நினைத்தேன். அப்புறம் என் ஊர்கள் பெருகின. ஒரு வருஷம் மழை குறைந்தது. ஒரு அணை கட்டினேன், பத்திரத்துக்காக. அடுத்த வருஷமும் குறைந்தது. மதகைப் பாதி இறக்கினேன். மாதேஷ் தண்ணீர் கேட்டுச் செய்தி அனுப்பினார். உங்களை நினைத்துக்கொண்டு முழுசாக மூடினேன், அப்பா. உங்களுக்காகத்தான் மூடுகிறேன் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் நீங்கள் ஞாபகத்திலேயே இல்லை. என் பயிர், என் ஊர், நாளைக்கு மழை வராவிட்டால் என்ன செய்வது. அவ்வளவுதான் இருந்தது. அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் பதில் போடவில்லை. அணை நிறைய இருந்தது. அப்போதும் போதாது என்றுதான் பட்டது. அவருடைய ஊர்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

ஆட்டம் முடிந்தபோது அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "காபி குடிக்கப் போகலாமா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். நான் பாத்ரூமுக்குப் போய் வெகுநேரம் கழித்து வந்தேன்.

விளையாட்டுதானே என்று நீங்கள் சொல்லலாம். நானும் சொல்லிப் பார்த்தேன். அப்பா, அவர்கள் செய்வது சரி என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். உங்கள் விதை மண்ணுக்குள் வெந்தது. அது தப்புதான், யார் செய்தாலும். ஆனால் மேலே உட்கார்ந்திருக்கிறவனின் மனசு எப்படி இருக்கும் என்று நான் இப்போது பார்த்துவிட்டேன். அது கன்னட மனசு இல்லை. கடைமடைச் சங்கச் செயலாளர் வீரையன் மகளின் மனசு.

இதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. வாருங்கள்.

பிரகதி

*

பேராவூரணி,
12.1.2003

பிரகதிக்கு அப்பா எழுதுவது.

நீ மதகை மூடியது தப்பு. நானாக இருந்தால் மூடியிருக்க மாட்டேன் என்று எழுதத்தான் போன வாரமே பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. நம் வயலுக்குக் கீழே ராஜாத்தி வயல் இருக்கிறது. ஐப்பசியில் வாய்க்காலில் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தபோது அது யார் வயலில் நின்றது, யார் வயலுக்குப் போகவில்லை என்று அவளைக் கேட்டால் சொல்வாள். அவளும் வரப்பில் வந்து நின்றாள். நானும் பதில் சொல்லவில்லை.

சங்கத்தில் கல்யாணத்தைச் சொல்லிவிட்டேன். வைத்தியலிங்கம் எழுந்து நின்று, "பொண்ணக் குடுத்துத் தண்ணி வாங்கப் போறியாக்கும்?" என்றான். "பொண்ணையும் குடுப்பேன், தண்ணியையும் கேப்பேன். ரெண்டும் வேற வேற" என்றேன். அப்புறம் அவனே உட்கார்ந்துவிட்டான். செயலாளர் பதவியை விடச் சொல்லி ஒருவன் முனகினான். விட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். 25ஆம் தேதி சனிக்கிழமை தஞ்சாவூரில் ரயில் மறியல் இருக்கிறது. 23ஆம் தேதி வியாழக்கிழமை உன் முகூர்த்தம். வெள்ளிக்கிழமை நான் அங்கிருந்து கிளம்பியாக வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடு, விருந்துக்கு இருக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. எங்கே போகிறேன் என்று கேட்டால் உண்மையைச் சொல். மறைக்க வேண்டாம்.

உன் அம்மா கல்யாணப் புடவை எடுத்து ஒரு மாதம் ஆகிறதாம். எனக்கு நேற்றுதான் தெரியும். இந்த வீட்டில் நான் ஒருவன்தான் முடிவெடுக்காமல் இருந்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் என் பேச்சுக்குக் கட்டுப்பட வேண்டும். அவர்கள் கல்யாணத்திலும் தாரை வார்ப்பது உண்டு என்று அம்மா போனில் கேட்டுச் சொன்னாள். பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளை கையில் தண்ணீரை ஊற்றித்தான் பெண்ணைக் கொடுக்க வேண்டும். ஊற்றுகிறேன். ஆனால் அவர்கள் ஊர்த் தண்ணீரை எடுத்து ஊற்ற மாட்டேன். அதில் எனக்கு வர வேண்டிய தண்ணீர் இருக்கிறது. அதை நானே என் கையால் அவர்களுக்குக் கொடுத்ததாக ஆகிவிடும்.

நம் வீட்டு போர் பைப்பில் ஒரு தூக்கு வாளி பிடித்துக்கொண்டு வருகிறேன். மூடி இறுக்கமாக இருக்கிறது, பஸ்ஸில் சிந்தாது. இந்த வருஷம் தண்ணீர் ஆழத்துக்குப் போனதில் உப்பு ஏறிவிட்டது. கையில் ஊற்றினால் ஒன்றும் செய்யாது. தாரை வார்த்து முடிந்ததும் மிச்சத்தில் சம்பந்தி ஒரு வாய் குடித்துப் பார்க்கட்டும். நாங்கள் குடிப்பது இதைத்தான் என்று நீ அவருக்குக் கன்னடத்தில் சொல்.

அப்பா